நாய் உள்ள வளவில் ஸ்கங்க்: தக்காளிச் சாற்றை வைத்துவிட்டுக் கம்பிவலையை எடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டர்ஹம் பகுதியின் வடக்கே ஐந்து ஏக்கர் காணியில் கத்தரி, வெண்டி, மிளகாய் பயிரிடுகிறேன். இருபது கோழிகளும் நான்கு தேனீப் பெட்டிகளும் உண்டு. நாய்கள் இரண்டு: ஒன்று கறுப்பு லாப்ரடோர், மற்றது கலப்பு. கருவிகள் வைக்கும் கொட்டிலின் அடியில் ஸ்கங்க், அதுதான் நாற்றத் திரவம் பீச்சும் அந்தக் கறுப்புவெள்ளை விலங்கு, குடியேறிவிட்டது. இந்தக் கோடையில் லாப்ரடோர் இரண்டு தடவை அதனிடம் பீச்சு வாங்கிவிட்டது. தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டினோம். நாற்றம் போனது போல இருந்தது; மழையில் நனைந்ததும் திரும்ப வந்துவிட்டது. புல்தரையெங்கும் சிறு குழிகள். ஒரு தேனீப் பெட்டியின் முன்னால் மண் கீறப்பட்டிருக்கிறது. பொறியில் பிடித்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு காட்டில் விட்டுவிடலாமா? கொட்டிலின் அடியில் பூச்சி உருண்டை போடச் சொல்கிறார் அயலவர். ஆகஸ்ட் முடிகிறது, பனிக்காலத்துக்கு முன் இதை முடிக்க விரும்புகிறேன்.

பதில்: வணக்கம் தம்பி. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் முதலில் கேட்க வேண்டும். இரண்டு நாய்களுக்கும் ரேபிஸ் (விசர்நாய்க்கடி நோய்) தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா? ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் அது சட்டப்படி கட்டாயம். வட அமெரிக்காவில் ரேபிஸைச் சுமக்கும் காட்டு விலங்குகளில் ஸ்கங்க் முக்கியமான ஒன்று. 2015 டிசம்பரில் ஹமில்டன் நகரில் ரக்கூன் என்ற காட்டு விலங்கு ஒன்றிடம் ரேபிஸ் கண்டறியப்பட்டது. பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்து ஸ்கங்குகளிடமும் அது காணப்பட்டது. தடுப்பு மருந்து வைத்த இரைகளைப் போட்டே மாகாண அரசு அதை அடக்கிவந்திருக்கிறது.

பீச்சலால் ரேபிஸ் வராது. கடித்தால் வரும், உமிழ்நீர் காயத்தில் பட்டாலும் வரலாம். ஆகவே லாப்ரடோரின் மூக்கையும் காதையும் கால்களையும் கையுறை போட்டுக்கொண்டு நன்றாகப் பாருங்கள். சிறு பல் காயம் இருந்தாலும் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். போட்ட நாய்க்கும் இன்னொரு ஊசி உடனே தேவைப்படும். டிஸ்டெம்பர், லெப்டோஸ்பைரோசிஸ் என்ற தொற்றுநோய்கள் இரண்டும்கூட ஸ்கங்கிடமிருந்து நாய்க்கு வரக்கூடியவை. அந்த ஊசிகளையும் அதே வருகையில் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் ஒரு ஸ்கங்கைக் கண்டாலே நோய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை, குட்டிகளுக்கு இரை தேடும் தாய் பகலிலும் நடமாடும். தள்ளாடி நடந்தாலோ, காரணமில்லாமல் உங்களை நோக்கி வந்தாலோ நாய்களை உள்ளே கட்டிவிட்டு, ஊர் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவை அழையுங்கள்.

இனி நாற்றம். தக்காளிச் சாறு எதையும் கழுவுவதில்லை. ஒரு மணிநேரம் அந்த நாற்றத்தில் நின்றால் நம் மூக்கு அலுத்துப்போகிறது. தக்காளி வாசனை மட்டும் புதிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒருவர் வந்தால் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார். மழையில் நாற்றம் திரும்பியதற்கும் காரணம் உண்டு. அந்தத் திரவத்தில் தையோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. உடனே மூக்கைத் தாக்குபவை அவை. அவற்றோடு தையோஅசெற்றேற்றுகளும் இருக்கின்றன. இவை அவ்வளவு நாறாமல் முடியில் ஒட்டிக்கிடந்து, ஈரம் படும்போது மெல்ல மெல்லத் தையோலாக மாறுகின்றன. அதனால்தான் வாரக்கணக்கில் ஒவ்வொரு மழையிலும் உங்கள் நாய் புதிதாக நாறுகிறது.

1993இல் பால் கிரேபாம் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் வெளியிட்ட கலவைதான் இன்றுவரை வேலை செய்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீட்டர், அப்பச்சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒன்றிரண்டு தேக்கரண்டி. திறந்த வாளியில் கலந்து, நுரைக்கும்போதே பயன்படுத்த வேண்டும். தலைமுடிக்கு நிறமேற்றும் கடைகளில் விற்கும் கடுமையான பெரொக்சைட் வேண்டாம், தோல் வெந்துவிடும். நாயை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே, தண்ணீர் ஊற்றி நனைக்காமல், கலவையைத் தோல்வரை தேயுங்கள். லாப்ரடோர் அளவு நாய்க்கு இரண்டு மடங்கு தேவைப்படலாம். ஐந்து நிமிடம் ஊறவிட்டு இளஞ்சூட்டு நீரால் அலசுங்கள். பெரும்பாலும் முகத்தில்தான் அதிகம் பட்டிருக்கும். அங்கே ஊற்றாமல் பஞ்சால் ஒற்றியெடுங்கள். கண்ணில் பட்டால் விழியின் மேற்படலம் புண்ணாகும். கறுப்பு முடி கொஞ்சம் செம்பட்டையாகலாம். அடுத்த முடி உதிர்வில் சரியாகிவிடும். மிச்சத்தைப் போத்தலில் அடைத்து வைத்தீர்களானால், உள்ளே ஒட்சிசன் வெளியேறிக்கொண்டே இருந்து குலுக்கிய சோடாப் போத்தல் போல வெடிக்கும். நிலத்தில் கொட்டிவிடுங்கள். கொட்டில் சுவரிலும் படியிலும் உள்ள நாற்றத்துக்குத் துணி வெளுக்கும் பிளீச்சைத் தண்ணீரில் கலந்து அடிக்கலாம், ஆனால் நாயின் மேல் ஒருபோதும் கூடாது, அம்மோனியாவோடோ பெரொக்சைட்டோடோ சேர்க்கவும் கூடாது.

இரண்டு தடவை வாங்கிய நாய் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். கண்ணுக்குள் பீச்சு போயிருந்தால் வெறும் நீரால் பல நிமிடம் கழுவுங்கள். சிவப்பும் நீர்வடிதலும் ஒரு நாளில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அரிதாக, நிறைய பீச்சு உடலில் சேர்ந்தால் அந்தக் கந்தகச் சேர்மங்கள் செங்குருதிக் கலங்களையே உடைக்கும். பல் முரசு வெளிறி, நாய் சோர்ந்து படுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

பொறி யோசனைக்கு வருகிறேன். ஒன்ராறியோ விதிப்படி, பிடித்த காட்டு விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட முடியாது. நோய் பரவாமல் இருக்கத்தான் அந்த விதி. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் உங்கள் திட்டத்தில் பலன் இல்லை. பழகாத இடத்தில் விடப்பட்ட விலங்குக்கு இரையும் தெரியாது, ஒளிய இடமும் தெரியாது. இங்கே கொட்டிலின் அடியில் குழி காலியாக இருக்கும். அடுத்த ஸ்கங்க் அந்த மாதமே வந்து படுக்கும். பூச்சி உருண்டையோ பெரும்பாலும் நாப்தலீன் என்ற நச்சுப் பொருள். நாய் ஒன்றை விழுங்கினால் ஸ்கங்க் பீச்சியதைவிடப் பெரிய செலவு உங்களுக்கு. திறந்த வெளியில் அதன் ஆவி ஸ்கங்கை விரட்டும் அளவுக்குத் தங்குவதும் இல்லை. அயலவரிடம் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

ஸ்கங்க் உங்கள் நாயைத் தேடி வரவில்லை. எலி, வண்டுப்புழு, விழுந்த ஆப்பிள், வெளியே வைத்த நாய் உணவு, பறவைத் தீனிப்பெட்டியின் கீழே சிந்திய தானியம், மூடாத உரக்குவியல், இவற்றுக்கு வருகிறது. காய்ந்த, இருட்டான, மேலே கூரையுள்ள குழி கிடைத்தால் தங்கிவிடுகிறது. எலியையும் நிலத்துக்குள் கூடு கட்டும் குளவியையும் தோண்டித் தின்பதால் எனக்கு அதன் மேல் ஓரளவு மரியாதை உண்டு. வேலி ஓரத்தில் வாழ்ந்தால் விட்டுவிடுவேன். நாய்கள் ஓடித்திரியும் முற்றத்தில், கொட்டிலின் அடியில் வாழ விடமாட்டேன்.

நீங்கள் இப்போது எழுதியது நல்ல காலம். குட்டிகள் மே, ஜூனில் பிறக்கும்; ஆகஸ்ட் முடிவில் தாயின் பின்னால் தாமாகவே நடந்து இரை தேடும். ஜூனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பொறுத்திருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அப்போது அடைத்தால் தாய் வெளியேயும் கண் திறக்காத குட்டிகள் உள்ளேயும் சிக்கும். தாய் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும், குட்டிகள் செத்தால் கொட்டிலே நாறும். டிசம்பருக்குப் பிறகும் முடியாது. பனிக்காலத்தில் ஸ்கங்க் நாட்கணக்கில் அசையாமல் சுருண்டு கிடக்கும், பெண் ஸ்கங்குகள் பல சேர்ந்து ஒரே குழியில் கிடப்பதும் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று உங்களால் சொல்ல முடியாது, நிலமும் உறைந்துவிடும். செப்டம்பர், ஒக்டோபர் இரண்டு மாதங்கள்தான் உங்கள் கையில் இருக்கின்றன.

கொட்டிலைச் சுற்றி நடந்து வாசல்களை எண்ணுங்கள். நான்கு அங்குல அகலம் இருந்தாலே அது நுழையும். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் மாவைத் தூவுங்கள். காலையில் பார்த்தால் ஐந்து விரல்களும் முன்காலில் நீண்ட நகக் கீறலும் கொண்ட சிறு தடம் ஸ்கங்குடையது; பூனையின் தடத்தில் நான்கு விரல், நகம் தெரியாது. அதிகம் பாவிக்கும் வாசல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை அரை அங்குலக் கண் உள்ள பற்றுவைத்த கம்பிவலையால் அடையுங்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய அறுகோண வலை போதாது. அது துருப்பிடிக்கும், வளையும். வலையைச் சுவரில் ஆணியடித்து இறக்கி, ஒரு அடி ஆழம் தோண்டி, அடியில் வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண் போடுங்கள். சுவரோரம் தோண்டும் ஸ்கங்க் அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. இந்த வேலையில் மடிப்பை மறந்தவர்கள் எல்லாரும் அடுத்த வசந்தத்தில் திரும்ப எழுதுகிறார்கள்.

விட்டுவைத்த வாசலில் அதே வலையால் ஒரு கதவு செய்து, மேல் விளிம்பில் மட்டும் கீல் போட்டுத் தொங்கவிடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், வெளியிலிருந்து இழுக்க முடியாமல் கீழ் விளிம்பு நிலத்தில் படிய வேண்டும். மழை பெய்யாத சில இரவுகள் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு வாசலில் கசக்கிய செய்தித்தாளை லேசாகத் திணித்து, மூன்று இரவு பாருங்கள். தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை, நிரந்தரமாக அடைத்துவிடலாம். அசைந்திருந்தால் கதவைத் திரும்பத் தொங்கவிடுங்கள். இத்தனை நாட்களும் நாய்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டின் நிலக்கீழ் அறை யன்னல்களுக்கு வெளியே குழி இருந்தால் அவற்றுக்கும் மூடி போடுங்கள். ஸ்கங்குக்கு ஏறத் தெரியாது. விழுந்தால் அங்கேயே கிடக்கும். விழுந்துகிடப்பதைக் கண்டால் பக்கத்தில் நிற்காமல், சொரசொரப்பான ஒரு பலகையைச் சாய்வாக இறக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள், இரவில் தானாக ஏறிப்போகும்.

புல்தரைக் குழிகள் வண்டுப்புழுவால் வந்தவை. ஒரு சதுர அடிப் புல்லை மண்வெட்டியால் உரித்துப் பாருங்கள். வெள்ளையாகச் சுருண்ட, தவிட்டுநிறத் தலையுள்ள புழுக்கள் தெரியும். 2009இலிருந்து ஒன்ராறியோவில் வீட்டுப் புல்தரைக்கு இரசாயனப் பூச்சிகொல்லி அடிக்கத் தடை உண்டு. ஆகவே வண்டுப்புழுவைக் கொல்லும் ஹெட்டெரோராப்டைடிஸ் வகை நன்மை நூற்புழுக்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும்தான் காலம். புதிதாகப் பொரித்த புழு அப்போது மேல்மண்ணில் இருக்கும். வெயில் சாய்ந்தபின் ஈரமண்ணில் தெளித்து, தெளித்த பிறகும் சில நாட்கள் மண்ணை ஈரமாக வைத்திருங்கள். வெயிலில் தெளித்தால் காசை வெயிலில் காய வைத்ததுதான் மிச்சம். கம்பிவலையைவிட இதுதான் அவசரம், இந்த வாரமே செய்யுங்கள்.

தேனீப் பெட்டிக்கு முன்னால் உள்ள கீறலும் அதே விலங்கின் வேலைதான். இரவில் பெட்டியைப் பிறாண்டும். என்ன சத்தம் என்று பார்க்க வெளியே வரும் தேனீக்களைப் பிடித்து மென்று, சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். தினமும் வந்தால் கூட்டம் மெலிந்து, பனிக்காலத்தைத் தாண்டாது. அதைவிட, தேனீக்கள் மூர்க்கமாகி உங்களைக் கொட்டத் தொடங்கும். பெட்டிகளை இரண்டடி உயரத் தாங்கியில் ஏற்றிவிடுங்கள். எட்டிப்பிடிக்க ஸ்கங்க் பின்காலில் நிமிர்ந்து நிற்க வேண்டிவரும். முடி குறைந்த வயிற்றில் இரண்டு கொட்டு விழுந்தால் போய்விடும். ஆணிப்பலகை வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நாய்கள் நடமாடும் வளவில் வேண்டாம்.

கோழிக்கு அதிகம் பயப்படத் தேவையில்லை. முட்டையின் ஒரு முனையை உடைத்து நக்கியிருந்தால் அது ஸ்கங்க். ஒரே இரவில் பல கோழிகள் கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் வீசல் என்ற கீரி போன்ற சிறு விலங்கைத் தேடுங்கள். மாலையில் முட்டை எடுத்து, கதவை மூடி, தீனியை மூடியுள்ள தகர டின்னில் வைத்தால் போதும்.

கடைசியாக, நாய்கள். ஸ்கங்க் எடுத்தவுடன் பீச்சாது. முன்காலால் நிலத்தைத் தட்டும், வாலை உயர்த்தும், சீறும், ஓரடி பாய்ந்துவிட்டு நிற்கும். நமக்கு அது தெளிவான எச்சரிக்கை. லாப்ரடோருக்கோ விளையாட்டு அழைப்பு. மூன்று மீட்டர் தூரத்துக்குக் குறி தவறாது. கண்பார்வை மந்தம், ஓட்டமும் மெதுவு. ஆகவே நேரம் கொடுத்தால் தானே விலகும். இரவில் நாயை வெளியே விடுமுன் முற்றத்து விளக்கைப் போட்டு, கதவை இரண்டு தடவை சத்தமாகச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துத் திறவுங்கள். எதிரே நிற்பதைக் கண்டால் கத்தி ஓடாதீர்கள், நாயைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுப் பின்வாங்குங்கள். பெப்ரவரி, மார்ச்சில் ஆண் ஸ்கங்க் துணை தேடி இரவெல்லாம் அலையும், வலை போட்ட வளவிலும் குறுக்கே நடக்கும். அந்த வாரங்களில் மட்டும் லாப்ரடோரை இருட்டிய பிறகு கயிறில்லாமல் விட வேண்டாம். பெரொக்சைட் போத்தல் ஒன்றும் திறக்காமல் அலமாரியில் இருக்கட்டும், திறந்து பல மாதம் கிடந்தது வீரியம் இழந்திருக்கும்.