தம்பி கனடா கடற்படை ரிசர்வில், அதாவது பகுதிநேரப் படையில், சேர்ந்தால் படிப்பு நிற்குமா? நேவி என்றதும் முல்லைத்தீவில் அம்மா அழுகிறார்.

நிற்காது. வழக்கமாக வாரத்தில் ஒரு மாலை, இடைக்கிடை சனி ஞாயிறு, கோடை விடுமுறையில் முழுநேரம் என்றுதான் பயிற்சி, போகிற நாளுக்குச் சம்பளம் உண்டு, படிப்புச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது.

உங்கள் அம்மா அழுதது எனக்கு நன்றாக விளங்குகிறது, கிளிநொச்சியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முழுநேரப் படை என்று நினைத்துவிட்டார் போல. விண்ணப்பத்தில் ரெகுலர் (முழுநேரம்) என்றா ரிசர்வ் என்றா இருக்கிறது, தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நிரந்தர வதிவிடம் இருந்தால் 2022 முதல் விண்ணப்பிக்கலாம், ஆனால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனை இழுபடலாம். வெளிநாட்டுப் பணி பொதுவாக விருப்பப்பட்டால்தான், நாட்டு அவசரத்தில் அரசு அழைத்தால் மட்டும் போகத்தான் வேண்டும், அதை அம்மாவிடம் மறைக்காதீர்கள்.