குழந்தைக்கு எதற்குத் தனி வக்கீல்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அடி, உதை, பட்டினியிலிருந்து மீட்டு அரசுப் பராமரிப்பில் வைக்கப்படும் குழந்தைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவர்களுக்குத் தனி வக்கீல் வேண்டும் என்கிறீர்கள். குழந்தையைக் காப்பாற்றத்தானே அரசே வழக்கு போடுகிறது? சமூகப்பணியாளர் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார். ஆறு வயதுக் குழந்தை வக்கீலிடம் என்ன சொல்லிவிடப் போகிறது?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

அரசு வழக்கு போடுவது குழந்தைக்காகத்தான். ஆனால் அரசு வக்கீல் பேசுவது குழந்தைகள் நலத்துறைக்காக. இரண்டு பேரையும் ஏற்க வளர்ப்புக் குடும்பம் கிடைக்கவில்லை என்றால் அண்ணனை ஓர் ஊருக்கும் தங்கையை இன்னோர் ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். "தங்கச்சியோடதான் இருப்பேன்" என்று அந்தப் பையன் அழுதால், அதை மனுவாக எழுதி வாதாட யார் இருக்கிறார்கள்? ஆறு வயதில் சட்டம் தெரியாது, சரி. யாரைக் கண்டால் பயம் என்பது நன்றாகவே தெரியும்.

1967-இல் கால்ட் வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட சிறுவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அடிபட்ட குழந்தைக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதாக அது இன்றுவரை சொல்லவில்லை. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆறவில்லை. 1974-இல் வந்த சட்டம், இந்த வழக்குகளில் குழந்தைக்கென ஒரு பிரதிநிதி வேண்டும் என்றது. அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலராகவும் இருக்கலாம். குழந்தைக்கு எது நல்லது என்று தனக்குப் படுவதை அவர் சொல்வார். குழந்தை கேட்பது வேறாக இருந்தால் அதற்காக வாதாட மாட்டார். அந்தத் தன்னார்வலர்களில் மனதார உழைப்பவர்கள் ஏராளம். ஆனாலும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வக்கீல்தான் வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஃபுல்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குழந்தைகளுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். ஆளுக்குச் சுமார் 440 குழந்தைகள்! நூறைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் துறை வக்கீல்களின் தேசியச் சங்கம் வகுத்த வரம்பு. நாளுக்கு ஒரு குழந்தையைப் பார்த்தாலும், லீவே போடாமல் ஒரு வருஷம் ஓடிய பிறகு 75 குழந்தைகள் மிச்சம் இருப்பார்கள். முகம்கூடத் தெரியாத குழந்தைக்காக என்ன வாதாட முடியும்?

குழந்தைகள் சார்பில் வழக்கு போட்டார்கள். நீதிபதியும் சமூகப்பணியாளரும் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்டதற்கு, 2005-இல் அந்த வழக்கில் நீதிபதி மார்வின் ஷூப் பதில் சொல்லியிருக்கிறார்: நீதிபதி தானே போய் விசாரிக்க முடியாது, மற்றவர்கள் கொண்டுவந்து தரும் தகவலைத்தான் நம்பியிருக்கிறார். ஆகவே அவர் வக்கீலுக்கு ஈடாக மாட்டார். ஜார்ஜியாவின் அரசியல் சட்டப்படியே இந்தக் குழந்தைகளுக்கு வக்கீல் உரிமை உண்டு, அதுவும் உருப்படியாக வாதாடும் வக்கீல் வேண்டும் என்றார். அப்புறம்தான் கவுண்டி நிர்வாகங்கள் சமரசத்துக்கு வந்து, வக்கீல்களின் சுமையைக் குறைக்க ஒப்புக்கொண்டன.

அது ஜார்ஜியாவின் கதை. மற்றபடி மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஒரு குழந்தைக்கு வக்கீல் கிடைப்பதும் கிடைக்காததும் அது எந்த மாநிலத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்தே இருக்கிறது.