பதில்: ஐந்தாவது காய் ஏன் நட்டநடுவில்?

வணக்கம். 1933-இல் கோ செய்கென் (கருப்பு), ஹொனின்போ ஷூசாய் (வெள்ளை) ஆடிய ‘கோ’ (Go) பலகை ஆட்டத்தில் கருப்பின் முதல் மூன்று காய்களும் (1, 3, 5-ஆம் நகர்வுகள்) தனித்தனியாக நிற்பதுபோல் தெரிகின்றன, எதற்கு என்று புரியவில்லை என்கிறீர்கள். அவற்றைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு மூலையில் 3-3, எதிர்மூலையில் 4-4, பலகையின் நட்டநடுவில் ஒன்று என மூன்றும் ஒரே மூலைவிட்டத்தில் இருக்கின்றன.

அன்றைய வழக்கம் 3-4 புள்ளி (மூலையின் ஓர் ஓரத்திலிருந்து மூன்றாவது கோடும் மற்றதிலிருந்து நான்காவது கோடும் சந்திக்கும் இடம்). வெள்ளை இரண்டு மூலைகளிலும் அதைத்தான் வைத்தது. அந்த மூலையை அடைக்க இன்னொரு காய் வேண்டும். கருப்பு வைத்த 3-3 ஒரே காயில் மூலையைப் பிடித்துவிடுகிறது. 4-4 புள்ளிக்கும் உடனே துணைக்காய் தேவையில்லை. அப்படி மிச்சமான நகர்வைத்தான் கோ செய்கென் நடுப்புள்ளியில் செலவழித்தார். எந்த மூலையிலிருந்து குறுக்காகத் துரத்தல் (காயைப் பிடிக்கப் படிப்படியாக விரட்டிச் செல்வது) கிளம்பினாலும் நடுக்காய் குறுக்கே நிற்கும். எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் இடம் இது. அதிலும், வலது மேல் மூலையில் 3-3 என்பது ஷூசாய் தலைமை தாங்கிய ஹொனின்போ எனும் கோ பள்ளியின் மரபில் விலக்கப்பட்ட நகர்வு!

வெள்ளை 2 புள்ளியில் வென்றது. அதை வைத்துத் தொடக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், ஆட்டம் அதற்குப் பிறகு வெகுதூரம் போனது.

சரி, இப்படிச் செய்யுங்கள். நடுக்காயை எடுத்துவிட்டு, வெள்ளையின் ஒரு மூலையை நெருங்கி வைத்துப் பாருங்கள். அப்புறம் ஆறாவது நகர்வை மறைத்துவிட்டு நீங்களே ஊகியுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.