அறிவியல் கேள்வி–பதில்: லோங்கான் தவளையும் மலைத் தவளையும்

மழைக்காலம் என்பதாலோ என்னவோ, தாப்பா, பீடோர் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் தவளைகளே கத்துகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

மழை விட்டதும் எங்கள் தாமான் (குடியிருப்பு) லோங்கானில் (வடிகாலில்) தவக்களைச் சத்தம் தாங்க முடியவில்லை. இத்தனை இருக்கும்போது தவளை இனம் அழிகிறது என்கிறார்களே, அது எந்தத் தவளை? – வாசகர், தாப்பா

நீங்கள் கேட்பது பெரும்பாலும் கலௌலா புல்க்ரா. உருண்டை உடம்பு, முதுகின் இருபுறமும் பழுப்புப் பட்டை, கையில் எடுத்தால் உப்பிக்கொண்டு பிசின் விடும். தேங்கிய அழுக்குத் தண்ணீரே அதற்குப் போதும். முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற இரண்டு மூன்று வாரம் போதும் என்பதால், லோங்கான் காய்வதற்குள் காரியம் முடிந்துவிடும். சொறித்தேரையும் இப்படித்தான். மனிதன் எதைக் கட்டினாலும் இவை பிழைத்துக்கொள்ளும்.

அழிவது வேறு வகை. கேமரன் மலை, பிரேசர் மலை ஓடைகளில் அன்சோனியா என்ற சிறு தேரைப் பேரினம் உண்டு. அதில் ஒன்றான அன்சோனியா ஜீத்சுகுமாரனி 2008ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. மலேசியத் தவளைகள் பற்றிய தகவல்களைத் திரட்டிய ஜீத் சுகுமாரன் என்ற ஆய்வாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். இந்தத் தேரைகளின் தலைப்பிரட்டைக்கு வாயே ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு கிண்ணம். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் பாறையை வாயால் கவ்விக்கொண்டு, பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே காட்டை வெட்டினாலோ காய்கறித் தோட்டத்துக்கு மலையைச் சரித்தாலோ சேறு இறங்கி அந்தப் பாறையை மூடிவிடும். பிறகு கவ்வவும் பிடிப்பில்லை, தின்னவும் பாசியில்லை. தண்ணீர் தெளிந்த பிறகும் பாறை இடுக்கில் தங்கிய மண் அப்படியே கிடக்கும்.

தீபகற்ப மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களையும் அருகிலுள்ள காடுகளையும் ஒப்பிட்டு 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டிலும் இனங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எந்த இனங்கள் என்பது மாறியிருந்தது: காட்டு இனங்கள் விலக, எங்கும் வாழும் இனங்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. எனவே சத்தத்தை வைத்து நலம் விசாரிக்காதீர்கள். 2023ல் வெளியான உலகக் கணக்கெடுப்பு 8,011 நீர்நில வாழ்வன இனங்களை மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளது. பறவை, பாலூட்டிகளைவிட இது மோசம்.

தவளையைக் கொல்லும் பூஞ்சை ஒன்று உலகமெங்கும் பரவியதாகப் படித்தேன். அது இங்கே வந்துவிட்டதா? நண்பர்களுடன் மாதம் ஒருமுறை கேமரன் மலையில் காட்டுப்பாதை நடப்பவன் நான். – வாசகர், பீடோர்

கைட்ரிட் பூஞ்சையைச் சொல்கிறீர்கள். பாநாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செத்துக் கிடந்த தவளைகளின் தோலில் அதைக் கண்டதாக 1998ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு முறையாகப் பெயரிட்டார்கள். தவளை தோலால் தண்ணீர் குடிக்கும், தோலால் உப்புச் சத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். பூஞ்சை அந்தத் தோலைத் தடிக்கச் செய்வதால் சோடியமும் பொட்டாசியமும் இரத்தத்தில் குறைந்து கடைசியில் இதயம் நிற்கிறது. குறைந்தது 501 இனங்கள் இதனால் சரிந்தன, அவற்றில் 90 அடியோடு போய்விட்டதாகக் கருதப்படுகிறது என்று 2019ல் கணக்கிட்டார்கள். மரபணுத் தடம் பார்த்த 2018 ஆய்வு அதன் பிறப்பிடம் கொரியத் தீபகற்பப் பக்கம் என்றது. உலகம் சுற்றியது தவளை வணிகத்தோடு என்று கருதுகிறார்கள்.

இங்கும் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நான்கு தவளைக் குடும்பங்களில் அது இருப்பதை 2011ல் பதிவு செய்தார்கள். ஆனால் பாநாமாவில் நடந்ததுபோன்ற பெருமடிவு ஆசியாவில் பதிவாகவில்லை. பூஞ்சை நம் கண்டத்துக்குப் பழையது, இங்குள்ள தவளைகள் அதோடு பழகியவை என்பது முக்கியமான விளக்கம். அதற்காக மெத்தனம் வேண்டாம். பூஞ்சைக்கு 17 முதல் 25 பாகை செல்சியஸ்தான் பிடித்த வெப்பம்; 28 தாண்டினால் தளர்ந்துவிடும். தாப்பா வெயில் அதற்கு ஆகாது, கேமரன் மலையின் தானா ராத்தா குளிர் நன்றாக ஆகும். ஒரு பள்ளத்தாக்கின் பூஞ்சை வகையை இன்னொரு பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகும் வாகனம் உங்கள் பூட்ஸ்தான்.

செய்ய வேண்டியது இது. வீடு திரும்பியதும் தூரிகையால் சேறு முழுவதையும் தேய்த்துக் கழுவுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: சேற்றின்மேல் மருந்தை ஊற்றுகிறார்கள், சேறு குளோரினைத் தின்றுவிடுகிறது, பூஞ்சை தப்பிக்கிறது. சுத்தமான பூட்ஸைத்தான் ஊறவைக்க வேண்டும். கடையில் விற்கும் 5 விழுக்காட்டுக் குளோராக்ஸ் வகை ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். ஒரு நிமிடம் போதும் என்று ஆய்வு சொல்கிறது, ஐந்து நிமிடம் விடுவது நிம்மதி. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். வினிகரோடும் அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். கழிவு நீரை வீட்டுக் கழிப்பறையில் ஊற்றுங்கள், ஓடைக்கரையில் வேண்டாம்.

ப்ளீச் வேண்டாம் என்றால் காயவைப்பதும் மருந்துதான். முற்றிலும் காய்ந்த நிலையில் மூன்று மணி நேரம் கிடந்தால் பூஞ்சை சாகும். சிக்கல் எதில் என்றால் பூட்ஸின் தையலும் உள்ளட்டையும் இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அட்டைப்பூச்சி கடிக்காமல் போடும் பருத்திக் காலுறை அதைவிட மோசம். அதைச் சுடுநீரில் போடுங்கள், 60 பாகையில் ஐந்து நிமிடம். லாத்தா இஸ்கண்டார் அருவியில் காலை நனைத்துவிட்டு அதே ஈரச் செருப்போடு மேலே ஓடைக்குள் இறங்குபவர்களுக்கும் இதுதான் பதில்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழக மாணவர்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஆற்றோரத் தவளைகளைக் கணக்கெடுக்க விரும்புகிறார்கள். பிடித்துப் பார்க்க வேண்டுமா? – ஆசிரியை, ஆயர் கூனிங்

பிடிக்க வேண்டாம், காதால் எண்ணுங்கள். ஆண் தவளை ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரலில் கூப்பிடுவதால், ஒலியே அடையாள அட்டை. ஆய்வாளர்களும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆடியோமாத் என்ற உள்ளங்கை அளவுப் பதிவுக் கருவி மூன்று ஏஏ பேட்டரியிலும் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையிலும் ஓடும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு வேகம் போதும். வௌவாலுக்குத்தான் அதற்கு மேல் வேண்டும், கூட்டினால் அட்டைதான் வீணாக நிரம்பும். மாலை 7 முதல் நள்ளிரவு 12 வரை, பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் இரவுக்கு 30 கோப்புகள். ஒரு நிமிடம் 5.76 எம்பி, ஆக இரவுக்கு ஏறத்தாழ 173 எம்பி. 32 ஜிபி அட்டை 180 இரவுக்கு மேல் தாங்கும், பேட்டரிதான் முதலில் தீரும்.

கட்டும் இடத்தில்தான் எல்லாம் கெடும். தண்ணீர் இரையும் பாறைக்கு அருகில் கட்டினால் இரைச்சல் மட்டுமே பதிவாகும், பத்து மீட்டராவது தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். பக்கத்தில் இலை உரசக்கூடாது. பிளாஸ்டிக் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் மைக்ரோபோன் வியர்த்துவிடும். கயிற்றில் எறும்பு ஏறும், குரங்கு பிய்த்துப் பார்க்கும். பளபளக்கும் நிறம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம். கடிகாரத்தை மலேசிய நேரத்துக்குச் சரிபார்க்காமல் விட்டால் எட்டு மணி நேரம் தள்ளி, விடியற்காலையில் கோழி கூவுவதைப் பதிந்துகொண்டிருக்கும்.

கருவி வாங்கக் காசில்லை என்றால் கைப்பேசி போதும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே 100 மீட்டர். தொடங்கும்போது தேதி, நேரம், கடைசியாக எப்போது மழை பெய்தது என்று வாயால் சொல்லிப் பதியுங்கள். மழைக் குறிப்பில்லாத தவளைக் கணக்கு எதற்கும் உதவாது. எதுவும் கத்தாத இரவையும் சுழியம் என்று எழுத மாணவர்களைப் பழக்குங்கள். அரிய இனம் கிடைத்தால் இடத்தைத் துல்லியமாகப் பொதுவெளியில் போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. ஆற்றோரம் இரவில் என்பதால் பெற்றோர் ஒருவராவது கூட இருக்கட்டும். வனக்காப்பகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் மாநில வனத்துறையிடம் அனுமதி வாங்குங்கள், எந்த விலங்கையும் பிடித்து ஆய்வு செய்வதாக இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள்.

எங்கள் ஐந்து ஏக்கர் செம்பனையை ஒட்டி ஓடை போகிறது. புல்லு மருந்து அடித்தால் தவளைக்கு என்ன ஆகும்? – சிறு தோட்டக்காரர், தெமோ

பாராகுவாட் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டதால் நீங்கள் அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட். அதில் தலைப்பிரட்டையை அதிகம் கொல்வது கிளைபோசேட் அல்ல. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு வகைப் பொருள், செவுளைச் சிதைக்கிறது. எல்லாத் தயாரிப்பிலும் அது ஒரே அளவு இருக்காது. நீர்நிலை ஓரத்துக்கு என்று தனியாகத் தயாரித்தது கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஓடை ஓரமாகக் குறைந்தது 5 மீட்டருக்கு மருந்து வேண்டாம். 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு 10 மீட்டர் என்பதே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ஆற்றோர ஒதுக்கீட்டு வழிகாட்டி. அங்கே புல்லை வெட்டுங்கள், மண்ணைச் சுரண்டாதீர்கள். காற்றில்லாத காலையில், அன்று மழை வராது என்ற நாளில் அடியுங்கள். முதுகுப் பம்பை பாரிட்டில் (வாய்க்காலில்) கழுவுவதுதான் ஒரே நாளில் ஒரு ஓடையைக் காலி செய்யும் வழி. காலி போத்தலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றி மரத்தடியில் அடித்துவிடுங்கள்.

அழிந்துபோன தவளையை மறுபடி கொண்டுவர முடியுமா? – படிவம் 5 மாணவி, தாப்பா

அழிந்ததாக நினைத்தது திரும்பக் கிடைப்பது ஒன்று. சரவாக்கில் 1924க்குப் பிறகு யாரும் பார்க்காத வானவில் நிறத் தேரை, அன்சோனியா லாட்டிடிஸ்கா, 2011ல் இந்திரனில் தாஸ் குழுவினருக்குக் குனோங் பென்ரிசன் பக்கம் கிடைத்தது. இரவில் மரத்தில் ஏறியிருந்தபோது கண்ணில் பட்டது. சரியான இடத்தை வெளியிடவில்லை, திருட்டு வியாபாரிகளுக்குப் பயந்து.

கூண்டில் வளர்த்துத் திரும்ப விடுவது இன்னொன்று. தான்சானியாவின் கிஹான்சி அருவித் தூறலில் மட்டும் வாழ்ந்த சிறு தேரையை, அணை கட்டித் தண்ணீரைத் திருப்பியதும், 2000ல் 499 எடுத்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். 2009ல் காட்டில் ஒன்றுமில்லை என்று அறிவிப்பு. செயற்கைத் தூறல் குழாய் போட்டு 2012ல் திரும்ப விட்டார்கள். கூண்டில் வளர்ப்பது பார்க்க எளிது, உள்ளே சிக்கல் நிறைய. உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் தவளையின் நாக்கு ஒட்டும் தன்மையை இழந்து, கண்முன் இருக்கும் பூச்சியைக்கூடப் பிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். கால்சியம் போதாத தலைப்பிரட்டைக்குக் கால் குச்சியாக முளைக்கலாம். அதனால் பூச்சிக்குப் பொடி தூவி, புற ஊதா விளக்கு வைத்து வளர்க்கிறார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்த வழி 2024ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. மக்குவாரி பல்கலைக்கழகத்தார் துளையுள்ள செங்கல்லுக்குக் கறுப்புச் சாயம் அடித்துச் சிறிய பசுமைக்குடிலுக்குள் அடுக்கினார்கள். தவளைகள் தாமே சூடான துளைக்குள் போய் உட்கார்ந்தன, பூஞ்சை தாங்காத 30 பாகை அளவில் நோய் தீர்ந்தது, தீர்ந்தவை மறுமுறை எளிதில் தொற்றவில்லை. குளிர்ந்த ஊருக்குத்தான் இது. தாப்பாவில் செங்கல் அடுக்கினால் தவளை வெந்துவிடும்.

வளர்க்கும் பெரிய தவளையை (கறிக்கு விற்பது) ஆற்றில் விட்டால் புண்ணியம்தானே? – வாசகர், பீடோர்

இல்லை. அது அமெரிக்கக் காளைத் தவளை. கைட்ரிட் பூஞ்சையைத் தான் சாகாமல் சுமக்கும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கும், உள்ளூர்த் தவளை உட்பட. விட வேண்டாம்.

மழைநீர்ப் பீப்பாயின் உள்விளிம்பில் எச்சில் நுரை போல் ஒன்று ஒட்டியிருக்கிறது. டெங்கி பயம் வேறு. கழுவிவிடலாமா? – இல்லத்தரசி, ஆயர் கூனிங்

அது மரத்தவளையின் முட்டைக் கூடு. பெண் தவளை பின்னங்காலால் கடைந்த நுரை. மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். சில நாளில் குஞ்சுகள் நேராகத் தண்ணீரில் விழும். உங்கள் பீப்பாய்க்கு மூடி வேண்டும் என்பதால் கூடு அங்கே இருக்க முடியாது. தலைப்பிரட்டை ஏடிஸ் கொசுவை ஒழித்துவிடும் என்று நம்பி மூடாமல் விடாதீர்கள். ஈரமான அகன்ற கரண்டியால், நுரை உடையாமல், ஒட்டிய பாசியோடு சேர்த்து வழித்தெடுத்து, உங்கள் வீட்டெல்லைக்குள்ளேயே மீனில்லாத தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், நிழலில், இலைமேல் வையுங்கள். அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பிறகு பீப்பாயின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, நுண்வலை கட்டி, கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் குருணையை 10 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டுக்கொள்ளலாம். கூட்டை வைத்த தண்ணீரில் மட்டும் போடாதீர்கள்.