கத்தாத கதவு

(பேய்ப் படங்களுக்குச் சத்தம் சேர்க்கும் காரைக்குடிக்காரர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: பேய்ப் படம் என்றாலே செட்டிநாட்டு வீடு, கிரீச்சிடும் கதவு. அந்தச் சத்தத்தை நிஜமாகவே இங்கேதான் பதிவு செய்கிறீர்களா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: நானும் அப்படி நம்பித்தான் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு மைக்கோடு போனேன். பர்மா தேக்கில் பெரிய கதவு. தள்ளினால் சத்தமே இல்லை. ஆச்சியிடம் கேட்டேன். “மாசாமாசம் எண்ணெய் விடுறோம் தம்பி, எப்படிக் கத்தும்?” என்றார், கொஞ்சம் ரோஷத்தோடு. சரி என்று பின்கட்டுக்குப் போனால், கிணற்றுக் கப்பியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வாளியை மெதுவாக இறக்கி ஏற்றி, விநாடிக்கு 96,000 தடவை ஒலியை அளந்து பதியும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தேன். அந்த அளவில் பதிந்தால்தான் வேகத்தைக் குறைக்கும்போது சத்தம் மங்காது. பாதி வேகத்தில் ஓடவிட்டதும் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கியது. இரும்பின் கீச்சு போய், யாரோ தொண்டை அடைத்து அழுவதுபோல் ஆகிவிட்டது. படத்தில் கதவு திறக்கும்போது நீங்கள் கேட்பது அந்தக் கப்பியைத்தான்.

அப்புறம் வளவின் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தின்) நடுவில் நின்று ஒரு பலூனை உடைத்தேன். அந்த ‘டப்’ தூணிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் பட்டுத் திரும்பி அடங்குவதைப் பதிந்துகொண்டால் போதும். சென்னையில் டப்பிங் அறையில் பேசிய வசனத்தைக்கூட, அந்த வளவிலேயே பேசியதுபோல் கம்ப்யூட்டரில் மாற்றிவிடலாம். ஆச்சியிடம் கிணற்றுக்கு அனுமதி சுலபமாகக் கிடைத்தது. பலூனுக்குத்தான் அரைமணி நேரம் கெஞ்சினேன்.

கேள்வி: எலும்பு முறியும் சத்தம்?
— கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: முருங்கைக்காய். பிஞ்சும் வேண்டாம், முற்றலும் வேண்டாம். ஈரத்துண்டில் சுற்றி, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்து முறுக்குங்கள். நார் கிழிவது எலும்பு, ஈரத்துணி சதை. அமெரிக்காவில் இதற்குச் செலரித் தண்டை முறிப்பார்கள். நான் முதலில் சீப்புச் சீடையை நொறுக்கிப் பார்த்தேன். பேய் பலகாரம் தின்பதுபோல் இருந்தது. படத்தைத் திரையில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே இப்படிச் சத்தம் கொடுப்பதற்கு ஃபோலி என்று பெயர். யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயர் அது.

கேள்வி: பயமுறுத்தும் ராகம் எது?
— பாட்டு டீச்சர், காரைக்குடி

பதில்: அப்படி ஒன்று இல்லை டீச்சர். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் கல்யாணியில் வருகிற அதே பிரதி மத்தியமம் போதும். பஞ்சமத்தைத் தொடாமல், சட்ஜத்தோடு அதை மட்டும் சேர்த்து நீளமாகப் பிடித்துப் பாருங்கள். கல்யாணக் களை போய்விடும். வயலினில் வில்லைக் குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையை, ஒட்டி இழுத்தால் இன்னும் கரகரக்கும்.

கேள்வி: பேய் வரும்போது கொலுசு உண்டா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: வைக்க மாட்டேன்.

சுவர்க்கோழி வைப்பேன். இரவுக் காட்சி முழுக்க அது பின்னால் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பேய் வருவதற்கு இரண்டு விநாடி முன்னால் அதைச் சட்டென்று வெட்டிவிடுவேன். முதல் தடவை போட்டுக்காட்டியபோது இயக்குநர், “ஸ்பீக்கர் போயிடுச்சா?” என்றார். ஆள் நெருங்கினால் சுவர்க்கோழி வாயடைத்துவிடும், ஊர்ப்பக்கம் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். அதைப் பதிவு செய்யப் போன இரவில் என் காலடிக்கே நின்றுவிட்டது. தூணோடு தூணாக இருபது நிமிடம் அசையாமல் நின்ற பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.