படிகத்துக்குள் தாவும் அணுக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லித்தியம் பேட்டரி பற்றிய கட்டுரையில், திடப்பொருளுக்குள் அயனிகள் நகர்வதை நியூட்ரானை வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எக்ஸ்ரே ஏன் போதாது? கல்பாக்கம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே இதைச் செய்ய முடியாதா? தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எக்ஸ்ரேயைக் குறைத்துப் பேசவில்லை. கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை அமைப்பை ஜி.என். ராமச்சந்திரன் குழு 1954இல் இதே சென்னையில் எக்ஸ்ரே படங்களை வைத்துத்தான் முன்வைத்தது. ஆனால் அணு எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அங்கிருந்து எப்படிக் கிளம்புகிறது என்பது வேறு கேள்வி. ஒரு ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள எக்ஸ்ரேயின் ஆற்றல் சுமார் 12,400 எலக்ட்ரான் வோல்ட். அணு தாவுவதால் வரும் மாற்றமோ மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கு. அதை அங்கே தேடுவது பெரும்பாடு. மிகச் சிறிய ஆற்றல் மாற்றத்தை அளக்கும் பின்சிதறல் கருவியில் வரும் நியூட்ரானுக்கு ஆற்றலே சுமார் 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். அதில் ஒரு மைக்ரோ மாறினாலும் பிடித்துவிடலாம்.

சில அணுக்களுக்குப் பதில் கதிரியக்க அணுக்களை வைத்து, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்கும் கதிரியக்கத் தடங்காட்டி முறை, தாம்பரத்தில் ஏறியவர் பீச் ஸ்டேஷனில் இறங்கினார் என்று மட்டும் சொல்லும். நடுவில் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பது தெரியாது. நியூட்ரான் அதைச் சொல்கிறது. அணு தாவிக்கொண்டிருந்தால் சிதறல் நிறமாலையின், அதாவது சிதறி வரும் நியூட்ரான்களின் ஆற்றல் வரைபடத்தின், கூரிய உச்சி அகலமாகும். குறைந்த கோணத்தில் அந்த அகலம், அணு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்னும் பரவல் எண்ணைத் தரும், அவ்வளவுதான். கோணம் கூடும்போது அகலம் ஏறுவதை நிறுத்தி வளையும், பாருங்கள், அந்த வளைவில்தான் தாவலின் நீளம் ஒளிந்திருக்கிறது. ஒற்றைப் படிகத்தைத் திருப்பித் திருப்பி அளந்தால் திசையும் கிடைக்கும். இந்தக் கணக்கை 1961இல் எழுதியவர்கள் சட்லியும் எலியட்டும். எழுதியது திரவங்களுக்காக, கச்சிதமாகப் பொருந்தியது படிகங்களுக்கு! பல்லேடியத்துக்குள் ஹைட்ரஜன், ஆறு பல்லேடியம் அணுக்கள் சூழ்ந்த ஓர் எண்முக இடைவெளியிலிருந்து அடுத்ததற்கு, ஏறத்தாழ 2.8 ஆங்ஸ்ட்ராம், தாவுகிறது என்று இப்படித்தான் உறுதியானது.

எல்லா அணுவும் இதில் சிக்காது. தாவலுக்கு இடையே சில நானோ நொடிகளுக்கு மேல் காத்திருக்கும் சோம்பேறிகளுக்கு இந்தக் கருவிகள் உதவாது. லித்தியம் இன்னும் படுத்தும். அதிலுள்ள லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால், லித்தியம்-7 செறிவூட்டிய மாதிரி வேண்டும்.

கல்பாக்கத்தின் காமினி என்ற ஆராய்ச்சி அணு உலை வெறும் 30 கிலோவாட். நியூட்ரான் படம் எடுக்க அது நல்ல உலை, இந்த வேலைக்குப் போதாது. மும்பை டிராம்பேயின் துருவா உலை 100 மெகாவாட், இதற்கான நிறமாலைமானியும் அங்கே உண்டு. பல்கலைக்கழக ஆட்களுக்கு வழி யுஜிசி-டிஏஇ (பல்கலைக்கழக மானியக் குழு – அணுசக்தித் துறை) கூட்டமைப்பின் மும்பை மையம். உங்கள் பேராசிரியரை விட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் முறை லித்தியம் வேண்டாம், நியூட்ரானை அள்ளிச் சிதறடிக்கும் ஹைட்ரஜன் உள்ள மாதிரியாகக் கொண்டு போங்கள்.