வாசகர் கேள்விகள்: போர்க்கால நிவாரணத் தபால்தலைகள்

கேள்வி (குன்னூர் வாசகர்): தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் ஆல்பத்தில், மன்னர் உருவமும் சிவப்புச் சிலுவையும் கொண்ட மூன்று பெல்ஜியத் தபால்தலைகள் உள்ளன. அருகிலேயே, தாயும் குழந்தையும் வரையப்பட்டு, பெல்ஜிய நிவாரணம் என்று ஆங்கிலத்தில் அச்சான, விலை குறிக்கப்படாத ஒட்டுத்தாளும் இருக்கிறது. இரண்டும் ஒரே வகையா?

பதில்: இல்லை. மன்னர் உருவமுள்ளவை தபால்தலைகள்; ஒட்டுத்தாள், தபால்தலை போலத் தோன்றும் நன்கொடைச் சீட்டு.

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அரசு ஆண்ட்வெர்ப் நகருக்குப் பின்வாங்கியிருந்த நிலையில், அக்டோபர் தொடக்கத்தில், முதலாம் ஆல்பர்ட் மன்னரின் உருவத்துடன் 5, 10, 20 சென்டிம் தபால்தலைகள் வந்தன. இவை இரட்டை விலைக்கு விற்கப்பட்டன. பாதி தபால் கட்டணம், மறுபாதி செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. அடுத்த சில நாள்களில் ஆண்ட்வெர்ப்பும் வீழ்ந்ததால், அரசு பிரான்ஸின் லெ ஹாவ்ர் அருகிலுள்ள செந்த்-அத்ரெஸ் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தே தன் தபால் பணியை நடத்தியது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலோ, பெல்ஜியத்தின் பெயர் மேலச்சிடப்பட்ட (ஏற்கெனவே அச்சானதன் மேல் மீண்டும் அச்சிட்ட) ஜெர்மானியத் தபால்தலைகளே புழங்கின. எனவே உங்கள் மூன்றில் எதிலாவது லெ ஹாவ்ர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; நாடிழந்த அரசு ஒன்றின் தபால் நிலைய முத்திரை என்பதால், சேகரிப்பாளர்கள் அதைத் தனியே மதிப்பார்கள். இதே வரிசையில் வந்த, 1830 பெல்ஜிய விடுதலைப் போராட்டத்தில் உயிர்நீத்த மெரோட் பிரபுவின் நினைவுச்சின்னம் உள்ள தபால்தலைகளில் போலிகள் மிகுதி. அவை கிடைத்தால் நிபுணரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

ஒட்டுத்தாளுக்குத் தபால் மதிப்பு கிடையாது. உதவிக் குழுக்கள் இத்தகையவற்றை அச்சிட்டு விற்க, வாங்கியவர்கள் கடித உறைகளில் ஒட்டி அனுப்பினார்கள். தோட்டத்துத் துரைமார்களுக்குச் சீமையிலிருந்து வந்த கடிதங்களோடு அது மலையேறியிருக்கலாம். நிதி என்ற அளவில் இவற்றைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. 1914 அக்டோபரில் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அமைந்த பெல்ஜிய நிவாரண ஆணையம் ராட்டர்டாம் வழியே கோதுமை அனுப்பச் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி அரசுகள் கொடுத்ததே. என் கணிப்பில், பசித்திருந்த அந்நாட்டை உலகம் மறக்காமல் பார்த்துக்கொண்டதே இந்தத் தாள்களின் மெய்யான பயன்.

கேள்வி (கோத்தகிரி வாசகர்): நம் நாட்டில் இதுபோன்ற தபால்தலை வந்ததுண்டா?

பதில்: உண்டு; ஆனால் அது நன்கொடையன்று, கட்டாயம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்து சேர்ந்த 1971-இல், நவம்பர் 15 முதல், கடிதங்களுக்கு வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5 காசு அகதிகள் நிவாரணத் தபால்தலையும் ஒட்ட வேண்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சித்திரமுள்ள 5 காசு தபால்தலையில் மேலச்சிட்டுத் தொடங்கினார்கள். அது போதிய அளவில் வந்து சேராத ஊர்களில், உள்ளூரிலேயே ரப்பர் முத்திரை குத்தி விற்றார்கள். டிசம்பர் 1 அன்று அகதிகளின் உருவத்துடன் தனித் தபால்தலை வெளியாயிற்று. 1973 மார்ச் 31 வரை நீடித்த இந்த வரியின் தபால்தலைகள் கோடிக்கணக்கான கைகளில் புழங்கியவை. ஆகவே பழையது என்பதற்காகவே யாராவது பெருவிலை சொன்னால் நம்பாதீர்கள். உள்ளூர் ரப்பர் முத்திரை குத்தியவை, அதிலும் உறையோடு இருப்பவை, வேறு கதை. உறையிலிருந்து பிரித்து விடாதீர்கள், அந்த ஊரின் தபால் முத்திரைதான் அதற்குச் சான்று.

1971 ஜூலை 29 அன்று, விடுதலைப் போரின்போது இந்தியாவிலிருந்து இயங்கிய வங்கதேசத்தின் தற்காலிக அரசான முஜிப்நகர் அரசு எட்டுத் தபால்தலைகள் வெளியிட்டது. 1969-இல் பிரிட்டனின் காந்தி நூற்றாண்டுத் தபால்தலையை வரைந்த பிமான் மல்லிக்கே இவற்றையும் வரைந்தார். 10 காசு முதல் 10 ரூபாய் வரை, மொத்தம் 21 ரூபாய் 80 காசு. டாக்கா பல்கலைக்கழகப் படுகொலையைக் காட்டும் 20 காசு தபால்தலை, இந்த வகையில் நான் பார்த்தவற்றிலேயே மிகக் கூர்மையானது.

கேள்வி (உதகை வாசகர்): மழைக்காலத்தில் தபால்தலைகள் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா?

பதில்: முத்திரை குத்தப்பட்டவற்றை, மை கரையாதவை என்றால், பிரிக்கலாம். பயன்படுத்தாதவற்றை ஊறவைத்தால் பசை போய்விடும், விலையும் அதோடு போகும். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, இறுக்கமில்லாமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது.